கீழ வா, ராசா

"ஓட்டுப் போடச் சொல்லாதீங்கம்மா, நான் சொல்றதக் கொஞ்சம்—"

"நீ போடு. இல்லாட்டி அந்த மௌஸ என் கையில குடு."

"யாரோ அண்ணன் பேர்ல எழுதுறாங்கம்மா! ஓட்டுப் போட்டா நம்ம பேரு தெரிஞ்சுடும், அப்புறம் வாசல்ல வந்து நிப்பாங்க."

"அந்த யாரோவுக்கு ஒன்னக் கொச்சிக்கான்னு கூப்பிடத் தெரியுமாடி?"

மகள் மார்ஜரி மௌஸிலிருந்து கையை எடுத்தாள். மிளகாய் என்று அண்ணன் வைத்த அந்தப் பட்டப்பெயர் இந்த வீட்டு நாலு சுவரைத் தாண்டியதில்லை.

இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து மாத்தளைக்கு பஸ் ஏறிய அண்ணன் நோபர்ட் வீடு வந்து சேரவில்லை. வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள் என்றார் ஒருவர். அப்படி யாரும் இறங்கவில்லை என்றார் இன்னொருவர். அவன் சேர்ந்திருந்த இணையக் குழுமத்தில் இன்று அந்தியில், மழை தகரத்தில் இரைந்துகொண்டிருக்கையில், அவன் பெயரில் ஒரு பதிவு: 'அம்மா, ஒரே ஈரம். மூச்சு முட்டுது. கொச்சிக்காகிட்ட சொல்லி எனக்கு ஓட்டுப் போடுங்க.'

சோறு தீய்கிற வாடை வரவே மார்ஜரி குசினிக்கு ஓடினாள்.

அம்மா டொறீன் திரைக்குமுன் குனிந்தாள். தீய்ந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, புதிதாய்க் கொத்திய மண்ணுடையது, அவள் காலடியிலிருந்து மெல்ல ஏறியது. பதிவுக்குப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். மேலே. கீழே.

மேலே போய்விட்டார் என்று செத்தவர்களைத்தானே சொல்வோம்? இல்லை, என் பிள்ளை இருக்கிறான். அவன் மலையில் வேலை செய்தபோது சனிக்கிழமைதோறும் போனில் அவள் சொன்னது ஒன்றுதான்: 'கீழ வா, ராசா.'

கீழே. அழுத்தினாள்.

பதிவு கொஞ்சம் இறங்கியது. வருகிறான்! அவள் சிரித்தேவிட்டாள்.

"என்னம்மா செஞ்சீங்க?" மார்ஜரி கையில் அகப்பையோடு நின்றாள். "கீழன்னா பொய்னு அர்த்தம். இனி ஆளாளுக்கு அமத்திப் பொதச்சிடுவாங்க."

"திருப்பி எடு புள்ள."

"எடுக்க ஏலாதும்மா..."

யார் யாரோ அழுத்தினார்கள். பதிவு இறங்கியது. இன்னும் இறங்கியது. பிறகு பதிவே இல்லை.

மழை நின்றது.

தரைக்கடியில் ஏதோ பிறாண்டியது. நகம். சிவப்புச் சீமெந்தில் ஈரம் ஊறிப் படர்ந்தது. ஆள் நீளத்துக்கு.

வாய் நிறைய மண்ணோடு, மகனின் குரல்:

"நீங்களுமாம்மா மண்ணள்ளிப் போடுறீங்க?"