சொதிக்கு உப்பு

அன்று மதியமும் அப்பா தேங்காய்ப்பால் சொதியை ஒரு கரண்டி குடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்றார்.

"எவ்வளவு போட்டாலும் உங்களுக்கு எண்டைக்குத்தான் கண்டிருக்கு?" என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா கில்பட், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுக்கக் கொழும்புக்குப் போனார். அவர்கள் ஊரான கண்டக்குழியில் அதைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார்கள்.

சிகிச்சை முடிந்து அவர் திரும்பி வந்தபோது கழுத்து கறுத்திருந்தது. ருசி போய்விட்டிருந்தது. சொதியை வாயில் வைத்தவர் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

அம்மா உப்பைக் கூட்டினாள். அடுத்த நாள் இன்னும் கூட்டினாள்.

"அம்மா, இதுக்குக் கடலையே குடிக்கலாம்" என்றான் இளையவன் நிலுக்சன்.

அப்பாவுக்கோ வாய்ப்புண் எரிந்ததுதான் மிச்சம். கண் கலங்கி எழுந்துவிட்டார்.

அவர் மெலிந்துகொண்டே போனார். சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூத்தவள், பத்து வயது ஷானிகாவுக்கு அதை நினைக்கவே பயமாக இருந்தது.

கிளினிக் நாளன்று அப்பாவோடு போனவள் தாதியிடம் கேட்டாள். "மிஸ், அப்பாட நாக்கு செத்துப் போச்சா?"

"நாக்கு சாகல்ல மகள். ருசி அறியிற கலங்கள், செல்லுகள்தான் கனக்கச் செத்துப் போச்சு. கதிர் நோய்க் கலத்தில மட்டும் படாது, பக்கத்தில இருக்கிற நல்லதிலயும் படும். ஆனா நல்ல கலம் தன்ட காயத்தைத் திருத்திக்கொள்ளும். நோய்க் கலத்துக்கு அது சரியா வராது. தப்பின நல்ல கலங்கள் பிரிஞ்சு பிரிஞ்சு புதுசுகளை உண்டாக்கும். மாசக் கணக்கு எடுக்கும்."

"அது வரைக்கும்?"

"புண்ணை எரிய விடாதீங்க. சாப்பாடும் வேணும். புதுக் கலம் வெறும் வயித்தில உண்டாகுமா?"

ஷானிகா யோசித்தாள். ருசிதானே தெரியாது? குளிர்ச்சியும் மென்மையும் தெரியுமே. இளநீர் வழுக்கையைச் சுரண்டி, கஞ்சியோடு மசித்து, ஆறவைத்துக் கொடுத்தாள். உப்பே போடவில்லை.

"என்ன புள்ள இது?"

"ருசி இல்லாத சாப்பாடு. உங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பை காலியானது. பிறகு தினமும் காலியானது.

புண் ஆறியபின், ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் ஷானிகா அவர் நாக்கில் ஓர் உப்புக் கல் வைப்பாள்.

"என்ன அப்பா?"

"மணல்."

அடுத்த ஞாயிறும் மணல்தான். அதற்கடுத்ததும்.

"அக்கா, நீ மெய்யாவே மணல்தான் வைக்கிறியோ?" என்று நிலுக்சன் ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தான்.

கிறிஸ்து பிறப்பான நத்தார் நெருங்கிய ஒரு ஞாயிறு, அப்பா முகத்தைச் சுளித்தார்.

"உப்பு" என்றார்.

அம்மா அன்றைக்குச் சொதி வைத்தாள். அப்பாவின் வாய் இன்னும் காய்ந்துதான் இருந்தது. முதலில் தண்ணீரால் வாயை நனைத்துக்கொண்டு, ஒரு கரண்டி குடித்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"உப்புக் காணாது."

ஷானிகா தன் சொதியைக் குடித்துப் பார்த்தாள். எப்போதும்போல உப்பு அளவாகத்தான் இருந்தது.