வேதனை போதவில்லை

எல்டன் ஹாஸ்கர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே உள்ளமானியின் திரை சிவந்தது.

"கோயம்புத்தூர் பம்புகளைக் கண்டு எங்கள் தேசம் அஞ்சுகிறது" என்றார். அவர் நார்வெல் நாட்டின் வணிக அமைச்சர். காதில் மாட்டியிருந்த மொழிமாற்றி அதைத் தமிழாக்கிச் சொன்னதும் பத்ருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். திரையில் சிவப்பு இம்மியும் குறையவில்லை. அச்சம் உண்மைதான்.

தேசப் பாதுகாப்பு என்று சொல்லி யாரும் எதற்கும் வரி போட்டுவிடலாம் என்ற காலம் போய்விட்டது. வரி போட்டவர் இந்தத் தீவிலுள்ள சர்வதேச வணிக மன்றத்துக்கு வந்து, மனத்தின் நிறத்தைக் காட்டும் உள்ளமானியின் முன் உட்கார வேண்டும். தேசத்தின் அச்சம் மெய் என்றால் வரி நிற்கும். பொய் என்றால் வரி உடனே விழும். அடிபட்ட நாடு பதிலுக்கு ஒரு வருடம் வரி போட்டுப் பழிதீர்க்கலாம்.

பத்ருன்னிசா இந்தியாவின் வணிகத் தூதர். அவளுடைய அண்ணன் ஜமாலின் பம்புப் பட்டறை நார்வெல் வரியால் இழுத்து மூடிக் கிடந்தது. வார்ப்பு வேலை பார்த்தவர்கள் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார்கள்.

"போச்சுங்க மேடம், நெசமாவே பயப்படறார்" என்று முணுமுணுத்தார் வழக்கறிஞர் துரையரசன்.

"இருங்க. எதுக்குப் பயப்படறார்னு யாரும் கேக்கலியே" என்றபடி அவள் எழுந்தாள். எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி.

"அமைச்சரே, எங்கள் பம்பு உங்களை என்ன செய்துவிடும்?"

ஹாஸ்கர் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"பம்பு ஒன்றும் செய்யாது அம்மா. என் தொகுதியில் ஒரு பம்பு ஆலை இருக்கிறது. அது மூடினால் என்னை ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்."

சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு கரைந்து திரை நீலமானது. நீலம் என்றால் நிம்மதி. அந்த மனிதர் தண்ணீர் கேட்டு வாங்கி மடமடவென்று குடித்தார்.

அச்சம் அமைச்சருடையது, தேசத்துடையது அல்ல என்றார் நடுவர். வரி அந்தக் கணமே விழுந்தது.

இடைவேளையில் அவள் அண்ணனை அழைத்தாள்.

"நெசமாவா நிசா?" ஜமாலுக்குக் குரல் உடைந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "பசங்கள இப்பவே வரச் சொல்லிர்றேன். உலையப் பத்த வெக்கணும்."

அடுத்து அவளுடைய முறை. பழிதீர்க்கும் உரிமை கேட்பவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து தம் நாட்டின் வேதனையைக் காட்ட வேண்டும் என்பது விதி. உரிமை கிடைத்தால் நார்வெல் பருப்புக்கு வரி போடத் தலைநகரில் எல்லாம் தயார். நம்மூர்ச் சாம்பாரில் பாதி அந்தப் பருப்புதான் என்பதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாங்கள் வேதனைப்படுகிறோம்" என்றாள் பத்ருன்னிசா.

திரை கடலைப் போல நீலமானது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய பட்டறையை நினைத்தாள். துருவேறிய அச்சுகளை நினைத்தாள். எதை நினைத்தாலும் அண்ணனின் உடைந்த குரல் குறுக்கே வந்து அவளைச் சிரிக்க வைத்தது. நீலம் இன்னும் அடர்ந்தது.

"வேதனை போதவில்லை. உரிமை இல்லை" என்றார் நடுவர்.

எதிர் வரிசையில் ஹாஸ்கர் பெருமூச்சு விட்டது மொழிமாற்றி இல்லாமலே புரிந்தது. தனக்கும் அதே மூச்சு வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் வணிகத்துறைச் செயலர் ராமபத்ரன் தலைநகரிலிருந்து அழைத்தார்.

"ஏம்மா, அஞ்சு நிமிஷம் வருத்தமா உக்கார முடியலையா உங்களால?"

"முயற்சி பண்ணினேன் சார். வரல."

"வேற யாரையாவது உக்கார வெச்சிருக்கலாமே. ஒரு பம்பு முதலாளியை?"

"கோயம்புத்தூர் முழுக்கச் சேதி போயிருச்சு சார். இப்ப அங்க வருத்தமா இருக்கற முதலாளியத் தேடித்தான் புடிக்கணும்."

"அப்போ அடுத்த கேஸ்ல, தோத்தாத்தான் வேதனை இருக்கும்ங்கறீங்க."

"ஆமாங்க சார். ஆனா தோத்தா உரிமை கிடையாதே."