மதி என்றொரு பிள்ளை

ஆர்ஷாவின் கைகள் அசையவில்லை. பொன்செல்வி முதலில் கவனித்தது அதைத்தான். மற்ற நாளென்றால் மழைச் சத்தம் கேட்டதுமே அந்த ஆறு வயதுக் கைகள் சிறகு மாதிரி படபடத்துப் பறக்கத் தொடங்கிவிடும், தொண்டைக்குள் ஒரு ரீங்காரமும் சேர்ந்துகொள்ளும். இன்று கரமனை ஆற்றுப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று ஜன்னல் வழியே நுழைந்து, சுவரின் பூஞ்சை வாடையைக் கிளப்பி, ஓட்டின் மேல் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தபோதும் பிள்ளை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். வீட்டில் யாரோ ஒருவர் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. பயிற்சி பலிக்கிறது என்று சந்தோஷப்படத்தான் பொன்செல்வி நினைத்தாள். முடியவில்லை.

சங்கரன்கோவிலை விட்டு இவர்கள் திருவனந்தபுரம் வந்ததே ஆட்டிசம் உள்ள இந்தப் பிள்ளைக்காகத்தான். புருஷன் இசக்கிப்பாண்டி கட்டட வேலைக்குப் போய்விட, தெரபிக்கு இடம் தேடி அலைந்தவள் அவள். முதலில் பார்த்தது சாலை பஜார் பக்கம் ஒரு மாடி. ஒரே கூச்சல். ஒரு டீச்சர் மேசைக்கடியில் ஒரு பிள்ளையோடு படுத்துக் கிடந்தாள். இன்னொருத்தி, கையைப் பறக்கவிட்ட பிள்ளையோடு சேர்ந்து தானும் பறக்கவிட்டாள். அம்மாவும் கூடவே இருக்கலாம் என்றார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களே கூத்தடித்தால் விளங்கினாற்போலத்தான் என்று படியிறங்கிவிட்டாள்.

இரண்டாவது இடம் ஒரு பழைய பெரிய வீடு. பினாயில் மணக்கும் வராந்தா, மூடிய கதவுகள், அப்படியொரு அமைதி. கை பறப்பதை நிறுத்தி அடங்கி உட்காரப் பழக்குவோம், அம்மாவைப் பார்த்தால் பிள்ளையின் கவனம் சிதறும், கதவைத் தாண்டக்கூடாது என்றார்கள். அவள் தயங்கி நின்றபோதுதான் உள்ளேயிருந்து ஒரு குழந்தைக் குரல் மெல்லக் கேட்டது.

"மதி... மதி..."

பொன்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மலையாளம் ஒரு சொல்கூடப் பிடிபடாத ஊரில், உள்ளே ஒரு தமிழ்ப் பிள்ளை. மதியழகியோ மதிவதனியோ, யாரோ கூப்பிடுகிறார்கள். ஆர்ஷாவுக்குத் துணையாயிற்று. அந்த ஒரு பேரை நம்பி அங்கேயே சேர்த்தாள்.

சில வாரங்களில், அதுவரை பேசாதிருந்த ஆர்ஷா முதல் வார்த்தை பேசினாள். "மதி." பொன்செல்வி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன்பிறகு கூட்டிவரப் போகும்போதெல்லாம் அந்த மூடிய கதவைப் பார்த்து, "மதி, நீயும் வாட்டி எங்க வீட்டுக்கு" என்று விளையாட்டாய்க் கூப்பிடுவாள். வீட்டிலும் ஆர்ஷா அலமாரி மூலையைப் பார்த்து அதையே சொல்ல ஆரம்பித்ததும், சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஒரு தட்டும் வைத்தாள்.

இன்றைய மழையில் கரண்ட் போயிற்று. பக்கத்துப் போர்ஷன் சுஜா மெழுகுவத்தியோடு வந்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். மூலையில் இருந்த தட்டைப் பார்த்து, யாருக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பிள்ளையின் சிநேகிதிக்கு, மதிக்கு என்றாள் பொன்செல்வி.

"மதி," என்றாள் ஆர்ஷா கட்டிலிலிருந்து. தணிந்த குரல். கெஞ்சுகிற குரல்.

சுஜாவின் சிரிப்பு நின்றது.

"அக்கா, அது பேரில்லையாக்கும். மலையாளத்துல மதின்னா போதும்னு அர்த்தம். உங்க மோளு நிறுத்தச் சொல்லுதா."

"யார?"

சுஜா மூலைத் தட்டைத் திரும்பிப் பார்த்தாள். மெழுகுவத்திச் சுடர் மூலைப் பக்கமாய்ச் சாய்ந்தது.

அன்று அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை கெஞ்சியிருக்கிறது. அதைக் கேட்டு மகிழ்ந்துதான் மகளை உள்ளே அனுப்பினாள். அப்புறம் அந்தக் கதவைப் பார்த்து, வா என்றாளே. தினம் தினம் கூப்பிட்டாளே.

யார் வந்தது?

"இனி அங்க வேண்டாம் தாயி. அந்த மாடிக்கே போவோம். கையைப் பறக்க விடு," என்று ஆர்ஷாவின் கைகளைப் பிடித்துத் தூக்கினாள்.

கைகள் வரவில்லை.

மறுபடி இழுத்தாள். மடியில் தைத்தாற்போல் இருந்தன. விரல் நுனிகள் மட்டும் துடித்தன. பறக்கப் பார்த்தன.

சுஜா வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுவந்தாள்.

அந்தச் சின்ன மணிக்கட்டுகளைச் சுற்றித் தோல் வெளுத்திருந்தது. விரல் விரலாய் உள்ளே அழுந்தியிருந்தது. பிடித்திருக்கும் கையைத்தான் காணவில்லை.

"மதி," என்றாள் ஆர்ஷா, அம்மாவுக்குப் பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்து.

மணிக்கட்டில் அந்த விரல் குழிகள் இன்னும் ஆழமாய் இறங்கின.