நுன்சியா நின்ற இடம்

கதிரை திரும்பியிருந்தது. நேற்று அதை மேசைக்குள் தள்ளிவிட்டுத்தான் போயிருந்தாள் சாம்பவி. இன்று அது வாசலைப் பார்த்தபடி, வரப்போகும் ஒருவருக்காக இழுத்து வைத்ததுபோல் நின்றது. பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா, சின்யோராவின் வேலையாயிருக்கும் என்று எரிச்சலோடு செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாள். இந்த வீட்டுப் பூட்டின் ஒரே திறப்பு தன் கையில்தான் இருக்கிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இத்தாலியின் பலேர்மோவில் அமெரிக்கர்களுக்குப் பரம்பரை தேடிக் கொடுப்பது அவள் தொழில். 1883-இல் கொலராடோ மலைகளுக்கு வெள்ளி தோண்டப் போன தன் பூட்டன் கார்மேலோவின் வேரைத் தேடச் சொல்லியிருந்தார் ஒருவர். கபோச் சந்தைக்கு மேலே, பூட்டிக் கிடந்த இந்த வீட்டில் வேர் கிடைத்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. கார்மேலோவுக்கு இங்கே நுன்சியா என்று ஒரு மனைவி இருந்தாள். அவளுக்கு 'அடுத்த ஈஸ்டருக்கு வருகிறேன்' என்று பத்தொன்பது கடிதம் எழுதியவன், அங்கே வேறொருத்தியோடு பிள்ளைகுட்டி பெற்றிருந்தான். அப்படி இருக்கவே முடியாது, திரும்பப் போய்ப் பாருங்கள் என்று தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என நின்றார் அமெரிக்கர். இது மூன்றாம் முறை. வீட்டில் நாலு வயது மகள் துசானி அம்மா எங்கே என்று அழுதுகொண்டிருப்பாள்.

வெளியே ஆபிரிக்காவிலிருந்து வரும் சூட்டுக்காற்று யன்னல் பலகைகளை உலுக்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்காகச் சந்தைக் கூவல்கள் ஒவ்வொன்றாய் அடங்க, மீன் வெடில் நாற்றத்துக்கு அடியிலிருந்து பழைய சவர்க்காரமும் வியர்வையும் கலந்த ஒரு வாசம், இப்போதுதான் யாரோ குளித்துவிட்டு வந்து நிற்பதுபோல், மெல்ல அறைக்குள் பரவியது. வருட வாரியாக அவள் கட்டிப் பெட்டியில் வைத்த கடிதங்கள் அவிழ்ந்து கிடந்தன.

திட்டிக்கொண்டே பெட்டியின் அடிவரை கிண்டினாள். அங்கே ஒரு படம். கார்மேலோ, ஒரு பெண், ஐந்து பிள்ளைகள். பின்னால் அவன் கையெழுத்தும் வருடமும்.

"முடிஞ்சுது. இனி இஞ்சை வரத் தேவையில்லை," என்றாள் வாய்விட்டு.

கதிரை கிறீச்சிட்டது.

நேற்றும் முந்தநாளும் புறப்படும்போது, பழக்கதோஷத்தில், வெறும் அறையைப் பார்த்து "போட்டு வாறன்" என்று சொல்லி விடைபெற்றது அப்போதுதான் உறைத்தது. "செத்த வீட்டிலை சொல்லிப்போட்டு வெளிக்கிடக் கூடாது, பிள்ளை. பேசாமல் போயிட வேணும்," என்பாள் அவள் அம்மா. நாற்பது வருடம் 'வருகிறேன்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக வாசலில் நின்று, நின்றபடியே செத்தவள் நுன்சியா என்று சின்யோரா சொல்லியிருந்தாள். அவளிடம் இரண்டு தரம் சொல்லியாயிற்று. இரண்டு தரமும் சொன்னபடி வந்தும் ஆயிற்று.

படத்தை எடுத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்தாள். வாசல்.

கைபேசி அடித்தது. கணவன் லக்சன்.

"எப்ப வாறீர்? துசானி வாசலிலையே நிக்கிறாள்."

"ஓம், வாறன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். குனிந்து பார்த்தாள். வாசலுக்கு நேரே, தரைக்கல்லில், இரண்டு பாதங்கள் தேய்த்த குழி. அதற்குள் அவளுடைய வெறுங்கால்கள். அளவாக.

கால் எழவில்லை.

சவர்க்கார வாசம் பக்கத்தில் வந்தது. கடந்து போனது. கையில் கைபேசி இல்லை. படம் மட்டும்.

கதவு சாத்திக்கொண்டது. திறப்பு வெளியிலிருந்து திரும்பியது.

கத்தப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அது படிக்கட்டில் இருந்தது.

"கெதியா வாரும்," என்றது கைபேசியில் லக்சனின் குரல்.

"ஓம்," என்றது சாம்பவியின் குரல். "வாறன்."

அவளுடைய செருப்பு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது.