யாரும் தேடாத கோட்

காலை 9.10. ஹேங்கர் காலியாக இருந்தது.

கடைக்காரி நம்பவில்லை. வரிசையில் தொங்கிய உருப்படிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சாம்பல் நிற ஜாக்கெட் இருந்தது. தொப்பி இல்லாத மழைக்கோட்டு இருந்தது. கரும்பச்சைக் கம்பளிக் கோட்டை மட்டும் காணோம். மூன்று மாதமாக நாதியில்லாமல் தொங்கிய கோட் அது. இன்று காலை எட்டு மணிக்குத்தான் அதற்கு ஓர் ஆர்டர் வந்திருந்தது. வாங்கியவர் நேரிலேயே வந்து எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகள்தான் கடை. பழைய துணிகளை மூட்டை மூட்டையாக வாங்கி, துவைத்து, பழுது பார்த்து, படம் பிடித்து, இணையத்தில் விற்கிற வியாபாரம். வேலை பார்ப்பவர்கள் மூன்றே பேர். கடைக்காரி, அவள் கணவனின் தங்கை, ஒரு தையற்காரர். நாத்தனாரை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பும் குரலும் அப்படி. மணவாழ்க்கை முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது.

சாவி தையற்காரரிடம் இருந்தது. எட்டு மணிக்குக் கடையைத் திறந்தவர் அவர். சற்று நேரம் கழித்துக் குருவி வந்தாள். எட்டரைக்குத் தையற்காரர் பெரிய பையில் பார்சல்களைப் போட்டுக்கொண்டு கூரியர் அலுவலகம் போய் வந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கடைக்காரி வந்தபோது மணி ஒன்பது. கணக்குப் போட அவளுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

“அண்ணே, அந்தப் பைக்குள்ள என்ன இருந்துச்சு?”

“பார்சல்தாம்மா. வேற என்ன இருக்கும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

தையற்காரர் மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். கடைக்காரி கெட்டவள் இல்லை. கோபம் முன்னால் வரும், யோசனை மூச்சிரைக்கப் பின்னால் வரும், அவ்வளவுதான். மதியத்துக்குள் கோட் வரவில்லை என்றால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம், போலீசிலும் சொல்வேன் என்று சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த குருவி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய விரல்கள் மட்டும் தட்டுவதை நிறுத்தியிருந்தன.

போலீசைத் தேடிப் போகிற வேலை வைக்காமல் போலீசே வந்து சேர்ந்தது.

காலை 9.35. கோட்டை வாங்கியவர் வாசலில் நின்றார். ஒல்லியான உடம்பு, இடது காலில் மாவுக்கட்டு, கையில் ஊன்றுகோல். குற்றப்பிரிவுப் பெண் இன்ஸ்பெக்டர். திருடனைத் துரத்தி விழுந்தீர்களா என்று கேட்பவர்களிடம், இல்லை, பூனையைத் துரத்தி என்று கூச்சமில்லாமல் சொல்வார். மூன்று வாரமாகப் படுத்த படுக்கையில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவருக்கு, கோட் காணாமல் போய்விட்டது என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. உட்கார ஒரு நாற்காலியும், கால் வைக்க ஒரு ஸ்டூலும் கேட்டார்.

முதலில் தையற்காரர்.

“கோட்டுக்கு ஆர்டர் வந்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அம்மா வந்து கத்தினப்பத்தான்.”

“ஆர்டர் வந்தா யாருக்குத் தகவல் வரும்?”

கடைக்காரி குறுக்கே வந்து சொன்னாள். அவளுடைய போனிலும் குருவியின் போனிலும் மணி அடிக்கும். தையற்காரரிடம் இருப்பது பட்டன் போன், அதில் பேச மட்டும்தான் முடியும். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பிறகு, மூன்று மாதம் விற்காத துணியை இங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு தடவை விலையைக் குறைப்பார்கள். மூன்று தடவை குறைத்தும் போகாவிட்டால் அது மிச்சம். மிச்சத்தில் வீட்டு ஆட்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் கிடப்பது, மூலையில் ‘கிழிசல்’ என்று சீட்டு ஒட்டிய மூட்டைக்குப் போய், எடைக்கு விற்கப்படும். பச்சைக் கோட்டுக்கு இந்த சனிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. வீட்டு ஆட்களில் கடைக்காரியின் கணவன் புதுச் சட்டை மட்டுமே போடுகிற ஆள், பிள்ளைகளோ பழைய துணியைத் தொடமாட்டார்கள். ஆக, எடுப்பது குருவி ஒருத்திதான்.

இன்ஸ்பெக்டர் குருவியைப் பார்த்தார். ஒரு கை மட்டும் வெளுத்துப்போன ஸ்வெட்டர். ஜிப் கெட்டு, இடுப்பில் ஊக்குக் குத்திய பாவாடை. அதையெல்லாம் அவள் சுத்தமாகத் துவைத்து, மடிப்புக் கலையாமல்தான் உடுத்தியிருந்தாள்.

“இந்த ஸ்வெட்டர் நல்லாயிருக்கே. இங்க கிடைச்சதா?”

“மிச்சத்துல வந்தது மேடம்.”

குருவியின் பேச்சு வந்ததும் கடைக்காரிக்குக் கோபம் தணிந்து பெருமை வந்துவிட்டது. கடை பிழைத்ததே இவளால்தான் என்றாள். ஆரம்பத்தில் கடைக்காரி தானே விற்பனைத் தலைப்புகளை எழுதினாள். ‘சூப்பர் சட்டை, விட்டால் கிடைக்காது’ என்று எழுதுவாள். விட்டார்கள், எல்லோருமே விட்டார்கள். குருவி வந்து உட்கார்ந்த முதல் வாரமே எல்லாவற்றையும் மாற்றினாள். வாங்க வருகிறவன் எந்த வார்த்தையைத் தட்டித் தேடுவானோ அதுதான் தலைப்பில் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஆணுக்கா பெண்ணுக்கா, என்ன உடுப்பு, என்ன துணி, என்ன நிறம், என்ன அளவு. குறை இருந்தால் அதையும் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் போனது திரும்பி வராது. ‘ஆண்கள் சட்டை, பருத்தி, வெளிர் நீலம், மார்பு 40, ஒரு பொத்தான் மாற்றியது’ என்று எழுதினால் அது மறுநாளே போய்விடும்.

“எல்லாத் தலைப்பும் இவங்க எழுதினதுதானா?”

“எல்லாமே. நான் கைவெச்சா வியாபாரம் படுத்துரும்னு எனக்கே தெரியும் மேடம்.”

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்து, தான் வாங்கிய கோட்டின் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படித்தார்.

“‘மனதை மயக்கும் அபூர்வ அழகு, குளிருக்கு இனிய துணை.’”

கடைக்காரி எட்டிப் பார்த்தாள். இது நான் எழுதின மாதிரியல்லவா இருக்கிறது என்றாள். நான் எழுதவில்லையே என்றும் சொன்னாள். மூட்டை நிறைய வந்த நாளில் அவசரத்தில் எழுதியிருப்பாள் என்று குருவிக்காகத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் விரலால் தள்ளி, உள்ளே எழுதியிருந்த விவரத்தைக் காட்டினார். தோள் அகலம், கை நீளம், முழு உயரம், உள்பையின் ஆழம், அக்குளில் லைனிங் பிரிந்து மறுபடி தைத்த இடம். எதுவும் விட்டுப்போகவில்லை.

காலை 10.05. இன்ஸ்பெக்டர் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார்.

“இதைத் திருடணும்னா மூணு மாசம் நேரம் இருந்துச்சு. யாரும் கேக்காத கோட்டு. போன வாரம் காணாமப் போயிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. ஆர்டர் வந்த அன்னிக்கா ஒருத்தர் கைவெப்பாங்க? அப்ப எடுத்தவங்களுக்கு இன்னிக்குக் காலை வரைக்கும் அவசரமே இல்ல. தானா கைக்கு வரும்னு பொறுமையாக் காத்திருந்தாங்க. ஆர்டர் வந்ததும் பதறிட்டாங்க. தையற்கார அண்ணனுக்கு ஆர்டர் வந்ததே தெரியாது. மிச்சத்துல பங்கும் கிடையாது. அவர் காத்திருந்து என்ன பிரயோஜனம்?”

கடைக்காரி வாய் திறந்தாள். இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார்.

“நான் இந்தக் கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்கல. தேடினா கிடைக்காது. கோட்டுங்கிற வார்த்தை இல்ல, கம்பளி இல்ல, பச்சை இல்ல, அளவு இல்ல. வேலையில்லாம படுத்துக்கிட்டு போன்ல உங்க கடை மொத்தத்தையும் தள்ளிக்கிட்டே போனதுல கண்ணுல பட்டுச்சு. அவசரத்துல எழுதினவங்க உள்பையோட ஆழத்தையா அளப்பாங்க? உள்ள அவ்வளவு நேர்மை, வெளியில இவ்வளவு மூடுதிரை. எழுதத் தெரியாதவங்க மோசமா எழுதினா அது பிழை. இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவங்க ஒரே ஒரு தடவை மோசமா எழுதினா, அதுல ஒரு காரணம் இருக்கு.”

இன்ஸ்பெக்டர் ஊன்றுகோலால் மூலையைக் காட்டினார்.

“அந்தக் கோட்டு இந்த ரூமை விட்டு எங்கயும் போகல. இணையத்துல அதை எப்படி மறைச்சாங்களோ அப்படித்தான் இங்கயும் மறைச்சிருப்பாங்க. யாரும் பிரிச்சுப் பாக்காத பேருக்குக் கீழ.”

தையற்காரர் எழுந்து போய், ‘கிழிசல்’ மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார். மேலே அழுக்குத் துண்டுகள், கால் போன பைஜாமாக்கள். அடியில், சுத்தமான பழைய போர்வையில் சுற்றி, கசங்காமல் கரும்பச்சைக் கோட் இருந்தது.

“குருவி,” என்றாள் கடைக்காரி. திட்டுவதற்கு எடுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். “கோட்டுக்கு ஆசைப்பட்டது தப்பே இல்லம்மா. ஆனா தையற்கார அண்ணனைத் திருடன்னு சொன்னப்ப நீங்க வாயைத் திறக்காம உக்காந்திருந்தீங்க. அதுதான் தப்பு.”

“சொல்லணும்னுதான் இருந்தேன் மேடம்.” குருவியின் குரல் நூல்போல வந்தது. “ஒவ்வொரு நிமிஷமும் இன்னும் கஷ்டமாயிட்டே போச்சு.” அவள் தையற்காரர் பக்கம் திரும்பி, மன்னிச்சிருங்க அண்ணே என்றாள்.

கடைக்காரி பக்கத்தில் போய் நின்றாள். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா குடுத்திருப்பீங்களா அண்ணி?”

கடைக்காரி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “மாட்டேன். நல்ல கோட்டு, வித்துட்டுத்தான் மறுவேலை பாத்திருப்பேன்.”

“அதான் அண்ணி. நான் வந்ததுலேருந்து போட்டதெல்லாம் யாருக்கும் வேண்டாததுதான். நான் குறை சொல்லல, சோறும் இடமும் குடுத்தீங்க. இது வந்த அன்னிக்கு ஒரு தடவை போட்டுப் பாத்தேன். கண்ணாடியில வேற யாரோ மாதிரி இருந்துச்சு. வேண்டாததுதான் எனக்கு வரும்னா, இதையும் யாருக்கும் வேண்டாததா ஆக்கிடலாம்னு தோணுச்சு.”

கடைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வெளுத்த ஸ்வெட்டரை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளில் ஒரு நாள்கூட அது அவள் கண்ணில் பட்டதில்லை. அந்த வெட்கம் அவளைச் சுட்டது. முதலில் தையற்காரரிடம் போய், நான் பேசினது பெரிய தப்பு அண்ணே என்றாள். அவர் உடனே இளகிவிடவில்லை. அவரும் மனிதர்தானே. கொஞ்ச நேரம் கோட்டின் தோள் தையலைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டு, குருவியிடம் மட்டும் சொன்னார்.

“எங்கிட்ட சொல்லியிருந்தா துணி பாத்து நானே ஒண்ணு தைச்சுக் குடுத்திருப்பேனேம்மா.”

இன்ஸ்பெக்டர் போனில் ஆர்டரை ரத்து செய்தார். காரணம் கேட்டது. அளவு சரியில்லை என்று போட்டார். அளவு அவருக்குக் கச்சிதம் என்பது அங்கிருந்த நான்கு பேருக்கும் தெரியும். எனக்கு வேறொன்று பார்த்து வையுங்கள், இந்தத் தடவை ஒழுங்காகத் தலைப்புப் போட்டதாக, என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போனார். கடைக்காரி கோட்டை எடுத்துக் குருவியின் தோளில் போட்டாள்.

மறுநாள் காலை புது மூட்டை வந்தது. வழக்கமாகக் கடைக்காரிதான் கத்தரிக்கோலோடு முதலில் பாய்வாள். அன்று கயிற்றை வெட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“ம், நீ பாரு. உனக்கு வேண்டியதை எடுத்த பிறகுதான் நான் கைவெப்பேன்.”

குருவி தயங்கினாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், தையற்காரரைப் பார்த்தாள், பிறகு குனிந்தாள். நல்ல துணிகள் எத்தனையோ இருந்தன. அவள் கை பழக்கதோஷத்தில் அவற்றையெல்லாம் விலக்கிக்கொண்டு போய், கழுத்து நைந்த ஒரு பழுப்புச் சட்டையை எடுத்தது. கடைக்காரி அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே போட்டாள்.

“இது இல்லடி. நல்லதா எடு.”