அத்தை தூங்கிய நேரம்

தம்பி பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் வீட்டில் அவன் ராஜ்ஜியம்தான். அவன் தூங்கினால் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. கதவைப் படாரென்று சாத்தக் கூடாது. தும்மல் வந்தால்கூட வாசலுக்கு ஓட வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் அத்தை. பிள்ளை பெற்ற வீடுகளில் ஒரு மாதம் தங்கி, தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. சொந்த அத்தை இல்லை. ஆனாலும் வந்த அன்றே, "என்னை அத்தைன்னே கூப்பிடு" என்று சொல்லிவிட்டார்.

அத்தை அம்மாவின் முதுகில் வெதுவெதுப்பான எண்ணெய் தேய்ப்பார். வெந்நீரில் குளிக்க வைப்பார். வயிற்றைச் சுற்றி நீளமான பருத்தித் துணியைக் கட்டிவிடுவார். அதையெல்லாம் பக்கத்திலேயே நின்று பார்ப்பாள் தம்பியின் அக்கா. வயது ஒன்பது.

"துணி எதுக்கு அத்தை?"

"வயிறும் இடுப்பும் தளர்ந்து கிடக்கில்ல? தாங்கிப் பிடிக்கத்தான்."

"அம்மா ஏன் பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாது?"

"எங்கம்மா குடுக்கக் கூடாதுன்னாங்க. அதுக்கு மேல கேட்டா எனக்கே தெரியாது, கேள்விக்குறி!"

அன்றிலிருந்து அவள் பெயர் கேள்விக்குறி.

ஒரு நாள் மதியம் அம்மாவும் தம்பியும் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை கூடத்தில் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அதை இப்பத்தானே மடிச்சீங்க?"

"அப்படியா?" அத்தை கண்ணைக் கசக்கினார்.

"உங்களுக்குக் கண்ணு சொக்குது. கொஞ்சம் தூங்குங்க. தம்பி சிணுங்கினா நான் எழுப்புறேன்."

"அஞ்சே நிமிஷம்" என்று நாற்காலியில் சாய்ந்தார் அத்தை. அவர் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

கேள்விக்குறி அறை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்தார். அம்மாவின் அக்கா. அவர் ரகசியம் பேசினாலே தெருமுனை வரை கேட்கும்.

"என்னடி இது! பட்டப்பக—"

"உஷ்ஷ்! தம்பி தூங்குறான்!"

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கோபமெல்லாம் கண்ணுக்கு ஏறியது. குரலே இல்லாமல் வெறும் காற்றாலேயே திட்டினார். "வேலைக்கு வந்தவ வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறா! இரு, உங்கப்பாவுக்குப் போன் பண்றேன். நாளைக்கே வேற ஆள் பார்க்கட்டும்."

கேள்விக்குறிக்குத் திக்கென்றது. அத்தை வருவதற்கு முன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓரடி வைக்கவும் முடியாமல் அழுதது நினைவுக்கு வந்தது. அத்தை போய்விட்டால்? அதுவும் தன்னால்?

"பெரியம்மா, நான்தான் தூங்கச் சொன்னேன்."

"நீதான் இந்த வீட்டு மேனேஜரா? எனக்கெல்லாம் பிள்ளை பெத்த எட்டாம் நாளே வாளியும் துணியும்தான். யாரு இருந்தா கூட?"

கேள்விக்குறி மேசையிலிருந்த நோட்டை எடுத்து வந்தாள். அது அத்தையின் நோட்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் பென்சிலால் கட்டங்கள்.

"நேத்து ராத்திரியைப் படிங்க."

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பதினொன்று இருபது, பால். பன்னிரண்டு ஐம்பது, ஈரத்துணி மாற்றம். இரண்டேகால், பால். மூன்றே முக்கால், அழுகை. ஐந்து மணி, பால்."

"பால் குடுத்ததும் அம்மா தூங்கிடுவாங்க. தம்பியைத் தோள்ல போட்டு, தட்டிக் குடுத்து, நடந்துக்கிட்டே இருக்கிறது அத்தைதான். இங்க பாருங்க, தம்பி தூங்கிய நேரம், அம்மா தூங்கிய நேரம். ரெண்டுக்கும் கட்டம் இருக்கு. அத்தை தூங்கிய நேரத்துக்குக் கட்டமே இல்லை பெரியம்மா."

பெரியம்மா பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றையும் திருப்பினார்.

"அப்போ இந்த அத்தை உங்ககிட்டயும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்றாள் கேள்விக்குறி.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணையும் துடைத்தார். போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த துணிகளைச் சத்தமில்லாமல் மடிக்க ஆரம்பித்தார். தம்பி ஒரு தடவை சிணுங்கினான். பெரியம்மாவே ஓடிப்போய்த் தட்டிக் கொடுத்தார்.

மூன்றரை மணிக்கு அத்தை துள்ளி எழுந்தார். "ஐயோ! மணி என்ன? குழந்தை எங்கே? இவங்க யாரு?"

"கேள்வி கேக்கிறது என் வேலை அத்தை!"

பெரியம்மா சூடான பால் டம்ளரை நீட்டினார். "முதல்ல இதைக் குடிம்மா. என் தங்கச்சியை நல்லா பார்த்துக்கிற. இனிமே தினமும் மதியம் நான் வரேன். நீ தூங்கு."

அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டார். பாலைக் குடித்துவிட்டு, வழக்கம்போல் நோட்டைத் திறந்தார். அன்றைய பக்கத்தின் அடியில், கோணல் மாணலாக ஒரு புதுக் கட்டம்: 'அத்தை தூங்கிய நேரம்: 1.40 முதல்'. அதற்குப் பிறகு காலியாக இருந்தது.

அத்தை அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து முடித்து வைத்தார்: '3.30 வரை. காவல்: கேள்விக்குறி.'