வாடை நின்ற பிறகு

சிலிண்டரின் வால்வு இறுக மூடியிருந்தது. ஆய்வுக்கூடத் தலைவன் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்; திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

மேசையில் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய வெள்ளிக் கம்பிகள் வலையாகப் படிந்திருந்தன. விஷவாயு பட்டால் வெள்ளி கறுக்கும், எண் ஏறும். செய்தவள் மோப்பக்காரி, அவள் மூக்கின் கூர்மைக்காக ஆய்வுக்கூடமே வைத்த பெயர்.

போன மாதம் இதே அறையில் வாயு கசிந்து செத்தாள். அலாரம் சும்மா சும்மா அலறுகிறதென்று அதன் ஒயரைப் பிடுங்கியவன் இந்தத் தலைவன்தான். விசாரணையில், “அவதான் பிடுங்கினா, சொன்னா எங்க கேக்குறா?” என்று வாய் கூசாமல் சொன்னான். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள்! அவளுடைய அக்கா மட்டும் வாசலில் வழிமறித்தாள். “என் தங்கச்சி அதுல கை வைக்கமாட்டா. உங்களுக்கே தெரியும்.”

தெரியும்தான். இன்று காலை புது அலாரத்தின் ஒயரையும் பிடுங்கிவிட்டிருந்தான். பழக்கதோஷம்.

பட்டப்பகல்தான் என்றாலும் ஜன்னலில்லாத அறை. காற்றை வெளியே இழுக்கும் விசிறி இரண்டுமுறை இருமி நின்றதும், மோப்பக்காரியின் வெள்ளைக் கோட்டு தொங்கிய மூலையிலிருந்து அழுகிய முட்டை வாடை மெல்ல எழுந்து, கண்ணை எரித்து, நாக்கில் செம்புக்காசு போல ஒட்டியது. வால்வை மறுபடி திருகிப் பார்த்தான். மூடித்தான் இருந்தது.

வாடை நின்றது.

“அப்பாடா,” என்றான். உடனே அவள் எல்லோரிடமும் ஓயாமல் சொல்வது நினைவுக்கு வந்தது.

“வாடை அடிக்கும்போதே வெளிய போயிடுங்க. நின்னுடுச்சுன்னா வாயு போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க, மூக்கு செத்துப்போச்சு.”

திரையில் எண் தாவியது.

கதவுக்கு ஓடினான். அவன் பூட்டாத கதவு பூட்டியிருந்தது. அடித்தான். காவலாளி தாழ்வாரத்தின் கடைசியில்; அலாரம் அடித்தால்தான் வருவான். ஒயரை எடுத்துச் செருகினான். சத்தமில்லை. மறுபடி செருகினான். சத்தமில்லை.

“அடிடா! அடிச்சுத் தொலை!”

“எப்படி சார் அடிக்கும்?” காதருகில் அவள் குரல். “அதத்தான் நான் பிடுங்கிட்டேனே.”

“நான்தான்! நான்தான் பிடுங்கினேன்!”

கேட்க ஆளில்லை. மேசைப் பக்கம் தள்ளாடிச் சரிந்தான். கன்னம் மேசையில் மோதியது.

கண்ணெதிரே தகடு. வெள்ளி கறுத்து, அவளுடைய முகமாகிக்கொண்டிருந்தது. முதலில் நெற்றி. பிறகு உதடு. கடைசியாக மூக்கு.

அந்தக் கரிய மூக்கு விடைத்து, அவன் வாயருகே வந்து, நிதானமாக மோந்தது.